பில்லி குட்டி போட்டிருக்கிறாள், ஷமீம்

என் கண்ணு ஷமீம்,

நீ போன பிறகும் நான் உன்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. கத்தரிக்கோலைத் தேடும்போது, ப்ளவுஸின் கை வளைவு சரியாக உட்காராதபோது, கரன்ட் போய் மிஷின் நிற்கும்போது, எதிரே உன் மிஷினைப் பார்த்துப் பேசிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இன்று அப்படிப் பேசினால் போதாது என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதில் பாதி உனக்குப் பிடிக்காத சங்கதி. வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

முதலில் பில்லி. அவள் குட்டி போட்டுவிட்டாள்.

போன ஐப்பசி மழையில், சொட்டச் சொட்ட நனைந்து சின்னக் குட்டியாக நம் கடைக்குள் வந்தவள்தானே அவள்? அன்று உனக்கு டயாலிசிஸ் முடிந்து வந்த நாள். வீட்டுக்குப் போய்ப் படு என்றால் கேட்காமல் மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாய். அவளை உன் முந்தானையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாய். பூனைக்கு பில்லி என்று பெயர் வைத்தபோது, "அதுக்கு உங்க பாஷைல பூனைன்னுதானே அர்த்தம், பூனைக்குப் பூனைன்னு யாராச்சும் பேர் வெப்பாங்களா?" என்று கேட்டேன். "உங்க பாஷைல வெச்சாதான் அசிங்கம் அக்கா, எங்க பாஷைல நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தாய். மார்கழியில் நீ போய்விட்டாய். அவள் இன்னும் வளரவே இல்லை, அதற்குள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றாள்.

அது பங்குனி உத்திரத் திருவிழா நேரம். காலையிலேயே தெருவில் சாமி புறப்பாடு. மேளமும் வெடியுமாக ஊரே அதிர்ந்தது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து கடையின் ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே ரத்த வாடை. பில்லி லைனிங் துணி அடுக்கியிருக்கும் மேல் தட்டில் ஏறிப் பதுங்கியிருந்தாள். கண் இரண்டும் பிதுங்கி, உடம்பெல்லாம் நடுக்கம். வெடிச் சத்தத்தில் மிரண்டுபோய், போட்ட குட்டிகளை அப்படி அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

ஒரு குட்டி உன் மிஷினுக்கு அடியில் கிடந்தது. மேலே மூடியிருந்த சவ்வைக்கூட அவள் நக்கி எடுக்கவில்லை. உறைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருந்தது. இன்னொன்று சிமென்ட் தரையில் விறைத்துக் கிடந்தது. மூன்றாவது, வெட்டுத்துணி மூட்டையின் ஓரத்தில். தொப்புள்கொடி அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் செத்துவிட்டதென்றுதான் ஒரு துணியைப் போட்டு அள்ளினேன். என் கையில் வந்ததும் வாயைத் திறந்தது, ஷமீம். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

உனக்குத் தெரியும், எனக்குப் பூனை என்றாலே ஆகாது. நீ இருக்கிறாய் என்றுதான் சகித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. நம்மிடம் ப்ளவுஸ் தைக்கிற மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

"ரெண்டு செத்துப்போச்சிம்மா. ஒண்ணு வாய மட்டும் தொறக்குது."

"மூக்குலயும் வாயிலயும் இருக்கிறத தொடைங்க. தலைய கொஞ்சம் கீழ சாய்ச்சி வெச்சிக்கினு டவலால தேய்ங்க. மெதுவா இல்ல, நல்லா தேய்க்கணும்."

"பால் குடுக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம். உடம்பு ஜில்லுனு இருக்கும்போது பால் போச்சின்னா செத்துடும். மொதல்ல சூடு பண்ணுங்க. அப்புறம்தான் பால். அதுவும் தாய்கிட்ட வர்ற மொதப் பால்தான் குடிக்கணும். பசும்பால கண்ணுல காட்டாதீங்க."

தொப்புள்கொடியை என்ன செய்வது என்று கேட்டேன். வயிற்றை ஒட்டி அறுக்காமல், ஒரு விரற்கடை தள்ளி நூலால் கட்டிவிட்டு அதற்கு அப்பால் வெட்டச் சொன்னார். கை பட்டுநூலுக்குப் போனது. அது வழுக்கும் என்று வைத்துவிட்டு, கொக்கி தைக்கிற காட்டன் நூலை எடுத்துக் கட்டினேன். கொக்கிக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, அதற்கு அப்பால் வெட்டினேன்; பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

தேய்த்தேன். நூல்கண்டு கனம்கூட இல்லாத உடம்பு. தேய்க்கத் தேய்க்கத் தோல் கையோடு வந்துவிடுமோ என்று பயம். வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துணியைச் சுற்றி, பக்கத்தில் வைத்தேன். நீலமாக இருந்த மூக்கும் பாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன. பிறகு ஒரு சத்தம். ஊசித்துளை அளவு சத்தம். அதைக் கேட்டு பில்லி மேலிருந்து குதித்து வந்தாள். வந்துவிட்டாளே என்று குட்டியை அவள் முன்னால் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள். காதைப் பின்னால் மடித்து, பெற்ற குட்டியைப் பார்த்துச் சீறிவிட்டு மறுபடியும் தட்டில் ஏறிக்கொண்டாள்.

"உனக்கெல்லாம் எதுக்குடி புள்ள?" என்று கத்தினேன். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாய். அவளே குழந்தை, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருப்பாய்.

அவளைப் பிடிக்கப் போனால் என் கையைக் கிழித்துவிட்டாள். அவள் தொடவிடுகிற ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நீ. இன்னொருவர் உன் வீட்டுக்காரர். நீ போன பிறகு அன்வர் இந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. பைக் மெக்கானிக் ஷெட் பக்கத்துத் தெருதான் என்றாலும் சுற்றிக்கொண்டு போவார். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். திருவிழாக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார். உன் மிஷினைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கைய கழுவிக்கினு வரேன்க்கா" என்றார்.

வந்து, தட்டிலிருந்து பில்லியை இறக்கினார். அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் பரப்பி, அவளைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையைத் தோளிலும் இன்னொரு கையைக் கண்ணை மறைத்தாற்போலவும் வைத்துக்கொண்டார். அவள் திமிறினாள். அவர் குனிந்து, "பஸ், பஸ்... ஹோ கயா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிகிற உருது கொஞ்சம்தான். அவ்வளவுதான், முடிஞ்சிபோச்சி என்று அர்த்தம் என்று தெரியும்.

"நல்லா புடிக்கிறீங்களே தம்பி" என்றேன்.

"டயாலிசிஸ்ல அவளுக்கு ஊசி குத்தும்போது இப்டித்தான்க்கா புடிச்சிப்பேன். கண்ண மூடிக்கினு இருப்பா. இதையேதான் சொல்லுவேன்."

நான் பில்லியின் மார்க்காம்பை மெல்ல அழுத்தினேன். ஒரு துளி வந்தது. குட்டியின் வாயை அதில் வைத்தேன். வாய்க்குள் வாங்கத் தெம்பில்லாமல் நழுவி விழுந்தது. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் விழுந்தது. எத்தனை தடவையோ. கடைசியில் என் விரலுக்கடியில் அந்தத் தொண்டை அசைந்தது. இழுத்துக் குடித்தது. பில்லியின் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. மீன் வேகவைத்த தண்ணீரைக் குட்டியின் முதுகில் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. தடவினேன். மீன் ருசிக்காக நக்க ஆரம்பித்தவள், ருசி தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டிருந்தாள்.

செத்த இரண்டையும் கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அன்வர் தானே செய்வதாகச் சொன்னார். நான் விடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நாங்கள் பெண்கள் எல்லோரும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். உன்னை எந்த இடத்தில் வைத்தார்கள், அங்கே நிழல் இருக்கிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வீடுகளிலும் அதே வழக்கம்தான், யாரைக் குறை சொல்ல? ஆனால் உன் மேல் ஒரு பிடி மண் போட எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு குட்டிகளுக்கும் என் கையாலேயே போட்டேன். அப்போதுதான் உனக்காக வாய்விட்டு அழுதேன், ஷமீம். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. குட்டி தாயிடம் குடிப்பது போதவில்லை. டாக்டரம்மா பால் பவுடரும் ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்து, "கொழந்தைக்குக் குடுக்கிற மாதிரி மல்லாக்க போட்டு ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். குப்புற வெச்சி, சொட்டு சொட்டா" என்று காட்டிக் கொடுத்தார். குடித்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் அதற்கு மூத்திரம் போகும். தாய் நக்கிச் செய்ய வேண்டிய வேலை. அவளுக்குத் தெரிந்தால்தானே? குட்டியின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்வாள். கழுத்தைக் கவ்வத் தெரியாமல் காலைக் கவ்வி இழுப்பாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஏதோ ஞாபகம் வந்ததுபோல எழுந்து போய்விடுவாள். குட்டி அந்தரத்தில் தொங்கி விழும்.

முகூர்த்த சீசன் வேறு. ப்ளவுஸ்கள் குவிந்து கிடந்தன. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கடையில் நின்றுகொண்டு கத்தினார்கள்.

"நாளைக்கு ரிசப்ஷன். பூனைக்கு சொட்டு மருந்து ஊத்திக்கினு இருக்கியே, உனக்கே நல்லாருக்குதா?"

"சாயந்திரம் வாங்கம்மா, கண்டிப்பா தரேன்" என்றேன். கொடுத்தும்விட்டேன். ஒரு மிஷினில் இரண்டு பேர் வேலை. இடுப்பு விட்டுப்போகிறது.

அன்வர் தினமும் வந்தார். ஷெட்டுக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. பில்லியைப் பிடித்துக்கொள்வார், நான் குட்டியை வைப்பேன். ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, என்னைப் பார்க்காமல், "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றார். இதைத்தான் உனக்கு எப்படிச் சொல்வது என்று இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

ராணிப்பேட்டையில் இருக்கிற அவருடைய அக்கா ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள். பேர் நஸீமா. புருஷனை இழந்தவள். ரம்ஜானுக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்களாம்.

"அதுக்குள்ளயா தம்பி?" என்றேன்.

"நான் கேக்கலக்கா." பில்லியைத் தடவிக்கொண்டே, "ஆனா வேணாம்னும் சொல்லல. வீட்டுக்குப் போனா லைட்டு போடவே பயமா இருக்குதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் குட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு அவர் வந்தபோதெல்லாம், வேலையிருக்கு, நானே பார்த்துக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாளில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நீ என்ன சொல்லியிருப்பாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள், "எனக்கப்புறம் இவரு சாப்பிடவே மாட்டாரு அக்கா" என்றாயே, அது கவலையா, இல்லை சம்மதமா? அப்போது கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது யாரைக் கேட்பது?

அன்வர் பிடித்துக்கொள்ளாமலே பால் கொடுக்க பில்லி மெல்ல மெல்லப் பழகினாள். என் கையையும் பொறுத்துக்கொண்டாள். குட்டி கண் திறந்தது. ஒரு கண்தான். இன்னொன்றில் சீழ் வைத்து, மருந்து ஊற்றியும் பலிக்காமல் வெள்ளை விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் பார்வை வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது பெண் குட்டி. இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம், கரன்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, சிரிஞ்சைக் கழுவ மாடிக்குப் போனேன். கீழே பாத்திரம் உருளுகிற சத்தம், அப்புறம் நான் இதுவரை கேட்டிராத ஒரு அலறல். இறங்கி ஓடினேன். மீன் வாடைக்குத் தெருநாய் ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது. பெட்டியின் வாய்க்கு முன்னால் பில்லி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பின்தொடை நாயின் வாயில். துணித்தட்டு அவள் தலைக்கு நேர் மேலே, ஷமீம். ஒரு தாவு தாவியிருந்தால் தப்பித்திருப்பாள். வெடிச் சத்தத்துக்கே ஏறி ஒளிந்தவள். அன்று அவள் அசையவில்லை. நாய் உலுக்க உலுக்க, முன்கால்களால் அதன் மூஞ்சியைக் கிழித்துக்கொண்டு பெட்டியை மறைத்தபடியே கிடந்தாள்.

கையில் கிடைத்த மரஸ்கேலால் நாயை அடித்தேன். இரண்டு அடிக்கு விடவில்லை. ஸ்கேல் உடைந்த பிறகுதான் விட்டு ஓடியது. பில்லியின் தொடை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அந்த நிலையிலும் பெட்டிக்குள் தலையை விட்டுக் குட்டியை முகர்ந்து பார்த்தாள். குட்டிக்கு ஒரு கீறல் இல்லை.

யாரைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறாய்? என் விரல் தானாகவே அன்வர் நம்பருக்குத்தான் போனது. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆட்டோவோடு வந்தார். பில்லியை அவர் மடியில் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். குட்டியை நான் என் மார்போடு அணைத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் அவர் சட்டை ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

"பொழைக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன்க்கா. உடம்புல ஒண்ணும் இல்ல. சின்ன வயசுலயே குட்டி போட்டிருக்குது" என்றார் டாக்டரம்மா. மயக்கம் முழுதாகக் கொடுக்கப் பயந்து, பாதி மயக்கத்தில் தையல் போட்டார்கள். அன்வர்தான் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோலைத் தைக்கிற சத்தம் துணியைத் தைக்கிற சத்தம் மாதிரி இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "நிக்காஹ் முடிஞ்சிபோச்சிக்கா. அவங்கள நீங்க ஒரு தடவ பாக்கணும். இங்க அவங்களுக்கு யாரையும் தெரியாது."

குட்டி என் ரவிக்கைக்குள் முட்டி முட்டிப் பால் தேடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை. களைப்புதான் இருந்தது.

"கூட்டிக்கினு வாங்க தம்பி" என்றேன்.

நான் சொன்னது தப்பா, ஷமீம்? தப்பென்றால் கனவிலாவது வந்து திட்டிவிட்டுப் போ. அதற்காகவாவது வா.

மூன்று வேளை ஊசி, மருந்து. காய்ச்சல் அடித்தது. புண்ணில் நீர் கோத்தது. காலை எடுக்க வேண்டி வருமோ என்றுகூடப் பேச்சு வந்தது. மருந்து ஏறுகிற பாலைக் குட்டி குடிக்கக் கூடாது என்று பிரித்து வைத்தோம். பிரித்தால் இரண்டுமே அழுதன. அப்புறம் அவள் வயிற்றில் துணி சுற்றிக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே விட்டோம். இன்று காலை பில்லி தலையைத் தூக்கி, நான் வைத்த மீனைத் தின்றாள். பிறகு, தையல் இழுக்கிற வலியோடு மெல்லத் திரும்பி, குட்டியின் பார்வையில்லாத கண்ணைச் சுற்றி நக்கிவிட ஆரம்பித்தாள். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாளாம். நடப்பாள் என்று டாக்டரம்மா சொன்னதே எனக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை நஸீமாவை அழைத்து வருகிறார். உனக்கு இரண்டு வாக்கு தருகிறேன். பில்லியையும் அவள் மகளையும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், அவை என் வீட்டு ஜீவன்கள். நஸீமாவை மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, ஊரில் எங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவேன். பாசமாக நடந்துகொள்வேன் என்று மட்டும் இப்போது சொல்ல முடியவில்லை. பொய் வாக்கு உனக்குத் தர மாட்டேன். வரும்போது அது வரட்டும்.

பால் கலக்க நேரமாகிவிட்டது. குட்டி கூப்பிடுகிறாள்.

உன் அக்கா,
கஸ்தூரி